மூட்டையும் முதுகும்

(தொடர்கல்வி மையத்தில் சுமைத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



மும்பைக்குப் பக்கத்தில் வாஷி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பெரிய மொத்தச் சந்தை உண்டு. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, தானியம், மிளகாய் எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். அவற்றை இறக்கி ஏற்றுகிறவர்களுக்கு மாத்தாடி என்று பெயர். மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை. தலையில் சுமப்பதால் மாத்தாடி. சாத்தாரா மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

அவர்கள் ஒரு நாளில் எவ்வளவு தூக்குகிறார்கள்? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லாரியில் 50 கிலோ மூட்டை 200 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 கிலோ. அதாவது 10 டன். ஐந்து பேர் சேர்ந்து இறக்குகிறார்கள். ஆளுக்கு 40 மூட்டை. அது 2 டன். ஒரு நாளில் மூன்று லாரி வந்தால் ஆளுக்கு 6 டன். ஒரு யானையைவிடக் கூடுதல் எடை. இதை ஒருவர் தினமும் தூக்குகிறார். 20 வயதில் தொடங்கி 50 வயது வரைக்கும் தூக்குகிறார்.

இந்த எடை எல்லாம் எங்கே போய் இறங்குகிறது? தலையில் இல்லை. தோளில் இல்லை. இடுப்புக்கு மேலே, முதுகின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் இறங்குகிறது.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சின்னச் சின்ன எலும்புகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது. அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தில் 7. நடு முதுகில் 12. கீழ் முதுகில் 5. கீழே உள்ள இந்த ஐந்தும்தான் பெரியவை. சுமையும் இவற்றுக்குத்தான் அதிகம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கும். அதை டிஸ்க் என்கிறார்கள். வெளியே நார் நாராக உறுதியான வளையம். உள்ளே நுங்கு போல வழவழப்பான பொருள். எலும்பு எலும்போடு உரசாமல் இது காக்கிறது. எலும்புகளுக்குப் பின்னால் ஒரு குழாய் போல வழி இருக்கிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அதன் வழியாக இறங்கிக் காலுக்குப் போகின்றன.

ஒரு வேடிக்கை. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது இந்த மெத்தைகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். பகலில் நின்று நடக்கும்போது அமுங்கிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் எல்லோருமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்போம். சாயங்காலம் அது குறைந்துவிடும். வேடிக்கைதான். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. உப்பிய மெத்தை குனிந்தால் எளிதில் பிதுங்கும். ஆகவே படுக்கையிலிருந்து எழுந்த உடனே போய் மூட்டையைக் குனிந்து தூக்குவது ஆபத்து. முதல் அரை மணி, ஒரு மணி நேரம் நடப்பது, சாக்கு அடுக்குவது, கூட்டுவது போன்ற வேலைகளைப் பார்ப்பது நல்லது. இரவெல்லாம் லாரியில் குலுங்கிக்கொண்டு வந்தவரும் இறங்கியவுடன் சுமக்கக் கூடாது. கொஞ்சம் நடந்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இப்போது கடப்பாரையை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையைப் புரட்டுவதற்குக் கடப்பாரையின் அடியில் ஒரு கல்லை வைப்போம். கல்லுக்கு இந்தப் பக்கம் நீளம். அந்தப் பக்கம் குட்டை. நீளமான பக்கம் லேசாக அமுக்கினால் போதும், குட்டையான பக்கம் பாறையே எழும்பும். முதுகிலும் இதே கடப்பாரைதான் இருக்கிறது. ஆனால் நமக்கு எதிராக இருக்கிறது. கையிலுள்ள மூட்டை நீளமான பக்கம். முதுகுத் தசை குட்டையான பக்கம். முதுகெலும்புதான் நடுவில் உள்ள கல். தசைக்கும் எலும்புக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். 50 கிலோ மூட்டையை உடம்போடு அணைத்துப் பிடித்தாலும் அதன் நடுப்பகுதி எலும்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அப்படியானால் ஐந்து மடங்கு. தசை 250 கிலோ எடைக்கு இழுக்க வேண்டும். அதே மூட்டையைக் கையை நீட்டி 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால்? பத்து மடங்கு. 500 கிலோ! இவ்வளவும் அந்த நுங்கு மெத்தையைத்தான் அழுத்துகிறது. குனிந்தால் நம் உடம்பின் மேல்பாதி எடையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே சுமையை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதுதான் முதல் பாடம். பத்துப் பாடம் சொல்லி ஒன்பதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மூட்டையில் மண் ஒட்டியிருக்கிறது, சட்டை அழுக்காகும் என்று தள்ளிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பக் கூடாது. லாரியிலிருந்து எடுத்து அப்படியே திரும்பி அடுக்கில் வீசுவது வேகமான வேலைதான். ஆனால் டிஸ்கின் நார் வளையம் அமுங்கும்போது தாங்கும், முறுக்கும்போது கிழியும். ஈரத் துணியைப் பிழிவதைப் போல. காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். ஓர் அடி கூடுதல் நடைதான்.

மூன்றாவது, தரையிலிருந்து தூக்குவதுதான் மிகக் கடினம். இடுப்பு உயரத்தில் இருக்கும் மூட்டையை எடுப்பது எளிது. அதனால் கீழ் வரிசை மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துத் தூக்கித் தலையிலோ தோளிலோ ஏற்றிவிட வேண்டும். சும்மாடு வைத்து நேராக நின்று நடக்கும்போது எடை முதுகெலும்பின்மேல் நேராக இறங்கும். அதைவிட ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் அடிபடுகிறார்கள்.

இனி, ஒரு மாத்தாடியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. சந்தையில் பதினெட்டு வருட வேலை. ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு நாள் மூட்டையைக் குனிந்து எடுக்கும்போது இடுப்பில் 'சுரீர்' என்று ஒரு பிடிப்பு. நிமிர முடியவில்லை. மூட்டையைக் கீழே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூட இருக்கும் கூட்டாளி என்ன சொல்வார்? "ஒன்றுமில்லை பாவு, வாய்வுப் பிடிப்பு. ஒரு சோடா குடி, சரியாகும்" என்பார். பாவு என்றால் மராத்தியில் அண்ணன்.

வாய்வு என்பது வயிற்றில் இருக்கும். முதுகுத் தசைக்குள் அது போகாது. நடந்தது என்னவென்றால், தசையோ நாரோ அளவுக்கு மேல் இழுபட்டுவிட்டது. இன்னும் இழுபடாமல் இருக்கச் சுற்றியுள்ள தசை எல்லாம் இறுகிக்கொண்டது. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. வலி உயிர் போகிற மாதிரி இருந்தாலும், இதில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. அநேகம் பேருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

அந்தச் சில வாரங்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன.

ஒன்று, பாயில் படுத்துவிடுவது. முன்காலத்தில் டாக்டர்களே மூன்று வாரம் அசையாமல் படு என்று சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை இளைத்துவிடும். டிஸ்குக்கு நேராக ரத்தக் குழாய் கிடையாது. நாம் அசையும்போது அமுங்கி விரிந்துதான் அது சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. படுத்தே கிடந்தால் அதற்குச் சாப்பாடு குறைந்துபோகும். ஆகவே வலித்தாலும் மெல்ல நடக்க வேண்டும். முதல் நாள் வீட்டுக்குள். அடுத்த நாள் தெருக்கோடி வரைக்கும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். படுக்கும்போது ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையோ மடித்த போர்வையோ வைத்துக்கொள்ளலாம். வெறும் தரைதான் முதுகுக்கு நல்லது என்பது உண்மையல்ல. பாய்மேல் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போடலாம். எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. இதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே மருந்துக் கடையில் போய் "இடுப்பு வலிக்கு இரண்டு மாத்திரை கொடு" என்று கேட்கிறார். கடைக்காரர் பட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கிறார். விழுங்கியதும் வலி மறைகிறது. மறுபடி 6 டன் தூக்குகிறார். மறு நாளும் மாத்திரை. ஒரு மாதம், ஒரு வருடம்.

வலி என்பது காவல்காரன் மாதிரி. மாத்திரை திருடனைப் பிடிக்கவில்லை. காவல்காரன் வாயை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். அது மட்டுமா? டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும். ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அதுதான் அறிகுறி. சிறுநீரகமும் கெடும். சிறுநீரகம் கெடும் ஆபத்து சுமைத் தொழிலாளிக்கு மற்றவர்களைவிட அதிகம். அவர் வெயிலில் நின்று வியர்வையாகக் கொட்டுகிறார். தண்ணீர் குடிப்பது குறைவு. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கூடுதலாகத் தாக்குகின்றன.

இந்த டைக்ளோபினாக் பற்றி இன்னொரு செய்தி. மாடுகளின் வலிக்கும் இதைக் கொடுத்து வந்தார்கள். அந்த மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால் 2006-ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்தது. கழுகின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு. மனிதருக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் இது உதவுகிற மருந்துதான். ஆனால் கடையில் சோன்பப்டி வாங்குவது போல வாங்கித் தின்கிற பொருள் அல்ல என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது. மாத்திரைப் பட்டையில் பெயர் போட்டிருக்கும். காலாவதித் தேதியும் போட்டிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம். வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர் இல்லாவிட்டால் முழுப் பட்டையையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

சுளுக்கு வழிக்கிறவரிடம் போகலாமா என்று பலரும் கேட்பதுண்டு. எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிட்டால் தசை தளரும். அதில் தவறில்லை. ஆனால் முதுகின்மேல் ஏறி மிதிப்பது, கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்புவது, இடுப்பை வெட்டி இழுப்பது, இவை எல்லாம் கூடவே கூடாது. நரம்பு நசுங்கியிருந்தால் கால் விளங்காமல் போய்விடலாம்.

பெல்ட் விஷயமும் இப்படித்தான். இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட் கட்டினால் முதுகு கெடாது என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம் 1994-ஆம் ஆண்டு இதை ஆராய்ந்தது. நல்ல முதுகோடு இருப்பவருக்குப் பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூடுதலாகத் தூக்கிவிடுகிற ஆபத்தும் உண்டு. அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம். பீடியும் முதுகைக் கெடுக்கும். புகையால் ரத்தக் குழாய் சுருங்கும். ஏற்கெனவே சத்துக் குறைவாகக் கிடைக்கும் டிஸ்குக்கு இன்னும் குறையும்.

சில அறிகுறிகள் இருக்கின்றன. அவை வந்தால் ஒத்தடமும் வேண்டாம், காத்திருப்பதும் வேண்டாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் கட்டுப்பாட்டில் நிற்காமல் போவது. இரண்டு தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட்டு படுகிற இடம் மரத்துப்போவது. கால் பலம் குறைந்து தடுக்கி விழுவது. இப்படி இருந்தால் அன்றைக்கே, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று அர்த்தம். தாமதித்தால் திரும்பக் கிடைக்காது. உயரத்திலிருந்து விழுந்தபின் வரும் வலியும் அப்படித்தான்.

இன்னொன்று நம் நாட்டில் மிக முக்கியம். முதுகு வலி வாரக்கணக்கில் போகவில்லை, இரவில் படுத்தாலும் வலிக்கிறது, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது, உடம்பு இளைக்கிறது. இது சுளுக்கு அல்ல. முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பிலும் வரும். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முழு நாளும் முறையாகச் சாப்பிட்டால் குணமாகும். விட்டுவிட்டால் எலும்பு உளுத்துக் கூன் விழும்.

வலி இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம் வரைக்கும் மின்சாரம் போல ஓடினால் டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று பொருள். இதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் பயந்துவிட வேண்டாம். இதிலும் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

நம் மாத்தாடிக்கு வருவோம். பத்து நாளில் அவருக்கு வலி பாதி குறைந்துவிட்டது. அவர் வேலைக்குத் திரும்பலாமா? திரும்பலாம். ஆனால் முதல் நாளே 40 மூட்டை அல்ல. மாத்தாடிகள் 'டோளி' என்ற குழுவாக வேலை செய்கிறார்கள். குழுத் தலைவருக்கு முகாதம் என்று பெயர். நல்ல முகாதமாக இருந்தால் அவரை எடை போடும் இடத்தில் நிறுத்துவார். சாக்கு தைக்கச் சொல்வார். தள்ளுவண்டியைக் கொடுப்பார். வண்டியை இழுப்பதைவிடத் தள்ளுவது முதுகுக்கு நல்லது. இரண்டு வாரம் குழு அவரைத் தாங்கினால் அவர் இருபது வருடம் குழுவோடு இருப்பார். தாங்காவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூக்குவார். ஒரு நாள் ஒரேயடியாக ஊருக்குப் போய்விடுவார். அப்போது பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும்.

இதுவரை தொழிலாளி என்ன செய்ய வேண்டும் என்று பேசினோம். அதோடு நிறுத்தினால் அது நியாயமான பேச்சு ஆகாது. எப்படித் தூக்குவது என்று சொல்லிக் கொடுப்பதால் மட்டும் முதுகு வலி குறைவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எடை குறைந்தால்தான் குறைகிறது. முன்பு சணல் சாக்கு ஒன்று ஏறக்குறைய 100 கிலோ இருந்தது. அதை எந்த விதமாகத் தூக்கினால்தான் என்ன?

1967-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஆள் சுமக்கும் எடைக்கு வரம்பு வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆண் தொழிலாளிக்கு அதிகபட்சம் 55 கிலோ என்று பரிந்துரையும் செய்தது. பெண்களுக்கு இதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. அந்த ஒப்பந்தத்தை இந்தியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் இன்னும் கடுமை. எல்லா வசதியும் இருக்கிற இடத்தில்கூட 23 கிலோவுக்கு மேல் ஒருவர் கையால் தூக்குவது சரியல்ல என்று 1991-இல் கணக்கிட்டார்கள். நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல்! 50 கிலோவும் குறைவல்ல என்று புரிந்துகொள்வதற்குத்தான் இது.

சட்டம் தானாக வந்துவிடவில்லை. மும்பையில் அண்ணாசாகேப் பாட்டீல் மாத்தாடிகளைச் சங்கமாகத் திரட்டினார். 1969-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் மாத்தாடி சட்டம் வந்தது. வியாபாரியும் தொழிலாளியும் ஒரே வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கூலி வாரியத்தின் வழியாக வரும். அதோடு வருங்கால வைப்புநிதி, போனஸ், விடுமுறைச் சம்பளம் எல்லாம் உண்டு. புனேயில் பாபா ஆடாவ் என்ற வைத்தியர் சுமைத் தொழிலாளர்களுக்காக 'ஹமால் பஞ்சாயத்து' அமைத்தார். கேரளத்தில் 1978-இலும், தமிழ்நாட்டில் 1982-இலும் சட்டங்கள் வந்தன. வாரியத்தில் பதிவு இருந்தால் முதுகு பிடித்துப் படுத்தவருக்கும் ஒரு முகவரி இருக்கிறது. பதிவு இல்லாதவர் வெறும் கூலி ஆள். நாளைக்கு அவர் இடத்தில் இன்னொருவர்.

சாக்கின்மேல் எடை அச்சடித்திருக்கும். அந்த எண்ணை இப்போது உங்களால் படிக்க முடியும். ஆனால் அச்சடித்த எடையும் உள்ளே இருக்கும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. வெங்காயம் அமுக்கிக் கட்டியிருந்தால் 50 என்று போட்டது 58 இருக்கும். சந்தையில் தராசுக்குப் பஞ்சமில்லை. லாரிக்கு மூன்று மூட்டையை எடை போட்டுப் பார்க்கலாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, லாரி எண், மூன்று மூட்டையின் எடை, அன்றைக்கு இடுப்புப் பிடித்தவர் பெயர். ஒரு நாளைக்கு நான்கு வரி. மூன்று மாதம் எழுதிய நோட்டைச் சங்கத்தில் கொடுத்தால், வாரியத்தின் முன்னால் பேசப் போகிறவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்.